விக்டோரியாவில் வி.ஏ.டி. கேட்டவருக்கு டாக்டர் கிடைக்க ஏன் இத்தனை நாள் ஆகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் நண்பரின் அப்பா ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், உட்பகுதியில் ஒரு சிற்றூரில் இருந்தார். நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. சட்டப்படி மரண உதவி (வி.ஏ.டி.) வேண்டும் என்று குடும்ப டாக்டரிடம் கேட்டார். “நான் அதெல்லாம் செய்வதில்லை” என்பதோடு பேச்சு முடிந்தது. வேறொரு டாக்டரைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது, அதற்குள் அவருக்கு நினைவு தடுமாறிவிட்டது. ‘டாக்டர்கள் பற்றாக்குறையா, இல்லை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களா?’ என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சட்டம் கொடுத்த ஒன்றை நோயாளியின் கட்டில்வரை கொண்டுவந்து சேர்ப்பது யாருடைய வேலை?

நான் திருநெல்வேலியில் நர்ஸிங் படித்தவள். 14 வருடமாக விக்டோரியாவின் கிராமப்புறத்தில், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் (முற்றிய நோயில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும்) நர்ஸாக இருக்கிறேன். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். மனிதர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதை நான் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

கேள்வியில் ‘கருணைக்கொலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், தவறாக நினைக்கவில்லை. ஆனால் இங்கே அதன் பெயர் வாலண்டரி அசிஸ்டெட் டையிங். நாங்கள் வி.ஏ.டி. என்கிறோம். நோயாளி தானே கேட்க வேண்டும், கேட்டு முடிக்கும்வரை முடிவெடுக்கும் தெளிவு இருக்க வேண்டும். மகனோ மனைவியோ அவருக்காகக் கேட்க முடியாது, முன்கூட்டி எழுதிவைத்தும் கேட்க முடியாது. விக்டோரியாவின் 2017 சட்டப்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் உயிரை முடித்துவிடும் நோயாக இருக்க வேண்டும். மோட்டார் நியூரான் போன்ற நரம்புச் சிதைவு நோய் என்றால் 12 மாதம். மனநோய் மட்டும், அல்லது உடற்குறைபாடு மட்டும் இருந்தால் தகுதி கிடையாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீள வழியில்லாத நோயாளியின் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதை. அது வேறு, இது வேறு. வி.ஏ.டி. இந்தியாவில் சட்டப்படி கிடையாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். விக்டோரியா சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 ஜூன் 19-ல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அரசு பெருமையாகச் சொன்னது, இதில் 68 பாதுகாப்பு அம்சங்கள் இருக்கின்றன என்று. எனக்கும் அவற்றில் பல தேவை என்றே தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு பாதுகாப்பையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். கேட்பவருக்கு ஒருங்கிணைக்கும் டாக்டர் ஒருவர் வேண்டும். தனியாக மதிப்பிட இரண்டாவது டாக்டர் வேண்டும். இருவருமே சிறப்புப் பட்டம் பெற்றவர்களாகவோ அங்கீகரிக்கப்பட்ட குடும்ப மருத்துவர்களாகவோ இருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு அந்தத் தகுதி வந்தபின் ஐந்து வருட அனுபவம் இருக்க வேண்டும், ஒருவருக்கு அந்தக் குறிப்பிட்ட நோயில் நிபுணத்துவம் இருக்க வேண்டும். இருவருமே இதற்கென்று இருக்கும் பயிற்சியை முடித்துத் தேர்வாகியிருக்க வேண்டும். எழுத்து மூலமான வேண்டுகோளுக்கு இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர்தான் குடும்பத்தவராக இருக்கலாம். முதல் வேண்டுகோளுக்கும் கடைசி வேண்டுகோளுக்கும் இடையில், 2017 சட்டப்படி, பொதுவாகக் குறைந்தது ஒன்பது நாள். அப்புறம் சுகாதாரத் துறைச் செயலரின் அனுமதி. அதற்குப் பிறகுதான் மருந்து, அதைக் கொண்டுவர ஒரு மருந்தாளுநர்.

ஒன்பது நாள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஒன்பது நாளில் முடிந்துவிடும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. முதல் வேண்டுகோள் என்பது நோயாளி முதன்முதலில் வாய்விட்டுக் கேட்ட நாள் இல்லை. அதை ஏற்கத் தயாராக இருக்கும் டாக்டரிடம் கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். அந்த டாக்டரைத் தேடும் காலம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. உங்கள் நண்பரின் அப்பா இழந்த ஐந்து வாரம் அங்கேதான் போயிருக்கிறது.

இது புதிய கதை இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசம் 1995-லேயே இப்படி ஒரு சட்டம் நிறைவேற்றியது, 1996 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ப்ரோக்கன் ஹில் ஊரைச் சேர்ந்த டாக்ஸி ஓட்டுநர் மேக்ஸ் பெல், வயிற்றுப் புற்றுநோயோடு, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு, வடக்குப் பிரதேசத்தின் தலைநகரான டார்வினுக்குப் போனார். சட்டம் கேட்ட கையெழுத்துகளில் ஒன்று நிபுணர் ஒருவருடையது. அதைப் போட ஒருவரும் முன்வரவில்லை. அவர் அதே சாலையில் திரும்பி, தன் ஊர் மருத்துவமனையில் இறந்தார். பிறகு அந்தச் சட்டத்தின் கீழ் நான்கு பேர் உதவி பெற்றார்கள். 1997 மார்ச்சில் மத்திய நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மேக்ஸ் பெல்லைப் பற்றித்தான்.

இப்போது பற்றாக்குறை பற்றி. பயிற்சி முடித்த டாக்டர்கள் விக்டோரியாவில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி முடித்தவர் எல்லோரும் நோயாளியை ஏற்பவர் இல்லை. சிலர் தன்னுடைய நீண்டகால நோயாளி ஒருவருக்காகப் பயிற்சி எடுத்து, அவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரும்பங்கு வேலையை ஒரு சிறு குழு தாங்குகிறது. மெல்பர்னில் ஒருவர் விடுமுறையில் போனால் இன்னொருவர் இருப்பார். எங்கள் பக்கத்தில் ஒருவர் விடுமுறையில் போனால் அந்த மாவட்டமே காத்திருக்கும். எங்களுக்கு அருகில் இருந்த ஒரு டாக்டர் ஓய்வுபெற்ற வாரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

நோயில் நிபுணத்துவம் உள்ளவர் ஒருவர் வேண்டும் என்ற விதி கிராமத்தில் இன்னும் கடுமையாக விழுகிறது. புற்றுநோய்க்காவது வட்டார மருத்துவமனைகளில் நிபுணர்கள் இருக்கிறார்கள். மோட்டார் நியூரான் நோய்க்கு நரம்பியல் நிபுணர் எங்கே போவது? அதிலும் ஆயுள் ஆறிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் மூன்றாவதாக ஒரு நிபுணர் கருத்தும் வேண்டும் என்கிறது 2017 சட்டம். கழுத்து நிற்காத, மூச்சுக்கருவி போட்ட ஒருவரைப் பல மணி நேரம் காரில் படுக்கவைத்து மெல்பர்னுக்குக் கூட்டிப்போன குடும்பத்தோடு நான் ஒருமுறை போயிருக்கிறேன். மதிப்பீடு 50 நிமிடத்தில் முடிந்தது. திரும்பிவந்த பிறகு அவர் இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

ஏன் வீடியோவில் செய்யவில்லை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். காரணம் மாநிலச் சட்டம் இல்லை, மத்தியச் சட்டம். மத்திய அரசின் (காமன்வெல்த்) குற்றவியல் சட்டத்தில், தொலைபேசி, இணையம் வழியாகத் தற்கொலைக்குத் தூண்டுவதையும் வழிமுறை சொல்வதையும் குற்றமாக்கும் பிரிவுகள் இருக்கின்றன. வி.ஏ.டி. ஆஸ்திரேலியாவில் எங்கும் நடைமுறையில் இல்லாத காலத்தில், 2005-ல், இணையத்தில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைக் காப்பதை மனதில் வைத்து எழுதியவை அவை. வி.ஏ.டி. அதில் சேருமா என்று மெல்பர்ன் குடும்ப மருத்துவர் நிக்கலஸ் கார் வழக்குப் போட்டார். 2023 நவம்பர் 30-ல் ஃபெடரல் நீதிமன்றம், சேரும் என்று தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டப்படி முழுக்கச் சரியாக நடக்கும் ஒரு மருத்துவ உரையாடலை, ஃபோனில் நடத்தினால் மத்தியச் சட்டத்தில் குற்றமாகலாம். பொதுவான தகவலைச் சொல்லலாம், மதிப்பீடும் மருந்து பற்றிய விளக்கமும் நேரில்தான். மாநிலத்தின் ஓரத்தில் இருக்கும் மில்டூராவிலிருந்து மெல்பர்ன் 540 கிலோமீட்டர். நீரிழிவுக்கு, இதயத்துக்கு, மன அழுத்தத்துக்கு எல்லாம் வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் ஊர்க்காரர், வாழ்க்கையின் மிகக் கனமான பேச்சுக்கு மட்டும் காரில் ஏற வேண்டியிருக்கிறது. இந்தப் பிரிவில் வி.ஏ.டி.க்கு ஒரு விலக்கு எழுதினால் போதும். மாநில அமைச்சர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். இதை இன்னும் திருத்தாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எனக்குத் தெரிவதில்லை.

அடுத்து, சம்பளம். டாக்டர்களைப் பற்றிப் பேசும்போது பணத்தைச் சொல்வது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, இது குறித்த ஆலோசனைக்கும் மதிப்பீட்டுக்கும் வழக்கமான கட்டணம் கோரலாம். உதவி மரணத்துக்கும் அதோடு நேரடியாகச் சேர்ந்த சேவைக்கும் மெடிகேர் தராது. படிவம் நிரப்புவது, பழைய அறிக்கைகளைத் தேடி எடுப்பது, காரில் போய்வருவது, குடும்பத்தோடு இரவு ஃபோனில் பேசுவது, இறந்த பிறகு அவர்களைப் போய்ப் பார்ப்பது, இவை எல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராத மணி நேரங்கள். ஒரு சிற்றூர் டாக்டர் ஒரு நோயாளிக்காக அரை நாள் ஒதுக்கினால், அன்று பார்க்க வேண்டிய பதினைந்து பேர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறார்கள். பயிற்சி எடுக்கச் சொல்லி நான் ஒரு டாக்டரைக் கேட்டபோது அவர் சொன்னார்: “எனக்கு இதில் எந்த மறுப்பும் இல்லை. ஆனால் ஒருமுறை சரி என்றால் சுற்றியிருக்கிற ஐந்து ஊரும் என்னிடம் வரும். அதற்கு என்னிடம் நேரம் இல்லை.”

அதனால்தான் ‘வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களா’ என்ற பாதிக் கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். சட்டப்படி எந்த மருத்துவப் பணியாளரும் மனசாட்சி காரணமாக விலகிக்கொள்ளலாம். அந்த உரிமையை நான் மதிக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் மத நம்பிக்கையால் விலகி நிற்கும் நல்ல நர்ஸ்கள் இருக்கிறார்கள். விக்டோரியாவின் 2017 சட்டம் ஒரு படி மேலே போய், மறுக்கும் டாக்டர் தகவல் கொடுக்கவும் தேவையில்லை என்கிறது. ஏழு நாளுக்குள் ஏற்கிறேனா மறுக்கிறேனா என்று சொன்னால் போதும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் மறுக்கும் டாக்டர்கூட எங்கே கேட்கலாம் என்ற தகவலைக் கையில் கொடுத்தாக வேண்டும். உங்கள் நண்பரின் அப்பா விஷயத்தில் டாக்டர் சட்டத்தை மீறவில்லை. சட்டம்தான் அவரை வெறும் கையோடு அனுப்ப விட்டிருக்கிறது. நான் பார்த்தவரை, மறுத்தவர்களில் கொள்கையால் மறுத்தவர்களைவிட நேரமின்மையாலும், பழக்கமில்லாத பயத்தாலும், ஊரில் ‘அந்த டாக்டர்’ என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற கூச்சத்தாலும் மறுத்தவர்கள்தான் அதிகம். இது என் கண்ணில் பட்ட அளவு, மாநிலம் முழுக்கப் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நிறுவனங்கள் இழுப்பது வேறு. அது எனக்கு நேராகத் தெரியும். முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த ஓர் அம்மாவுக்கு அனுமதி எல்லாம் கிடைத்தபின், எங்கள் கட்டடத்துக்குள் வேண்டாம் என்றார்கள். எட்டு வருடமாக அதுதான் அவர் வீடு. கடைசி நாளில் மகள் வீட்டு வரவேற்பறையில் வாடகைக் கட்டில் போட்டு, ஆம்புலன்ஸில் கூட்டிப்போனோம். விக்டோரியாவின் அந்தச் சட்டம் நிறுவனங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குவீன்ஸ்லாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் முதியோர் இல்லத்தில் நிரந்தரமாக வசிப்பவரின் அறைக்கு டாக்டரை அனுமதித்தாக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனி நர்ஸ்களைப் பற்றி. நள்ளிரவில் “இதை முடிக்க வழியே இல்லையா?” என்று நோயாளி கேட்பது பெரும்பாலும் எங்களிடம்தான். 2017 சட்டப்படி நாங்களோ டாக்டரோ இந்தப் பேச்சை முதலில் எடுக்கக் கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். அவர் கேட்டால் பதில் சொல்லலாம். தூண்டிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் போட்ட விதி. ஆனால் இதன் விளைவு, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் வழி தெரிகிறது. படித்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர், டாக்டரிடம் நேருக்கு நேர் கேட்டுப் பழகியவர் கேட்டுவிடுகிறார். இந்தத் தடையை நீக்கும் திருத்தத்தை 2025-ல் விக்டோரியா அரசு மாநில நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி.

நம் ஆட்களிடம் இது எப்படிச் சிக்கலாகிறது என்று சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடவுள் என்னைக் கெதியாக் கூப்பிட மாட்டேனெண்டு நிக்கிறார், பிள்ளை” என்பார். இது வேண்டுகோளா? சட்டம் கேட்பது தெளிவான, ஐயமற்ற வேண்டுகோள். நம் வீடுகளில் வயதானவர்கள் சாவைப் பற்றி இப்படித்தான் தினமும் பேசுவார்கள். திருநெல்வேலியில் என் ஆச்சி நல்ல ஆரோக்கியமாக இருந்தபோதே இருபது வருடம் எமனைத் திட்டினார். அதனால் நான், “நீங்க என்ன நினைச்சு இதைச் சொல்றீங்க ஐயா?” என்று மட்டும் கேட்டேன். மகன் பக்கத்தில் இருந்தவரை ஒன்றும் சொல்லவில்லை. மகன் தேநீர் போடப் போனதும், ராத்திரி வலி தாங்க முடியவில்லை, பிள்ளைகளை எழுப்ப மனமில்லை என்றார். மார்ஃபின் அளவைச் சரிசெய்தோம். அதற்குப் பிறகு அவர் கடவுளைக் கூப்பிடவில்லை, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். இன்னொருவர் அதே வார்த்தையை உண்மையான வேண்டுகோளாகச் சொல்லியிருக்கக்கூடும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, தமிழ் தெரிந்த ஒருவர் அவசரமில்லாமல் கட்டில் பக்கத்தில் உட்கார வேண்டும். மதிப்பீட்டின்போது குடும்பத்தவர் மொழிபெயர்க்க முடியாது, தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த விதி மிகச் சரி. ஆனால் கிராமத்துக்கு நேரில் வரக்கூடிய தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கண்டுபிடிப்பது, இரண்டாவது டாக்டரைக் கண்டுபிடிப்பதற்குக் குறைந்த வேலை இல்லை. இன்னொன்று, 2017 சட்டப்படி குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும், மாநிலத்தில் 12 மாதம் வசித்திருக்கவும் வேண்டும். பிள்ளைகளோடு தற்காலிக விசாவில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு இந்த வழி கிடையாது.

வேறு இடங்கள் என்ன செய்தன என்று பார்த்தால், ஆள் பற்றாக்குறைக்கு விடை இருப்பது தெரிகிறது. கனடா 2016-ல் தொடங்கியபோதே நர்ஸ் ப்ராக்டிஷனர்களும் (மருந்து எழுதும் அதிகாரம் பெற்ற மூத்த நர்ஸ்கள்) மதிப்பிடலாம், மருந்து கொடுக்கலாம் என்று வைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அவர்கள் மருந்து கொடுக்கலாம், குவீன்ஸ்லாந்தில் அனுபவமுள்ள பதிவுபெற்ற நர்ஸ்களும் கொடுக்கலாம். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்தில், 2025 நவம்பரில் தொடங்கிய சட்டப்படி, மதிப்பிடும் இருவரில் ஒருவர் நர்ஸ் ப்ராக்டிஷனராக இருக்கலாம். தொலைதூரத்துக்குப் போகும் டாக்டரின் பயணச் செலவுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் தனி நிதித் திட்டம் இருக்கிறது. இவை எல்லாம் பாதுகாப்பைக் குறைத்துவிடும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. நோயாளியை வாரம் மூன்று முறை பார்க்கும் அனுபவமுள்ள நர்ஸுக்கு, அவர் மனம் தெளிவாக இருக்கிறதா, யாராவது அழுத்துகிறார்களா என்பது ஒருமுறை பார்க்கும் நிபுணரைவிட நன்றாகத் தெரியும்.

விக்டோரியாவில் நன்றாக நடப்பதையும் சொல்ல வேண்டும். மருந்து வழங்கும் சேவை மெல்பர்னின் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் இருந்து இயங்குகிறது. அங்கிருந்து மருந்தாளுநர்கள் மாநிலத்தின் எந்த மூலைக்கும் நேரில் வந்து, உட்கார்ந்து, விளக்கிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்தபோதெல்லாம் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்னொன்று, கேர் நேவிகேட்டர் சேவை. டாக்டரைத் தேடித் தருவது, படிகளைச் சொல்லித் தருவது, குடும்பத்தோடு பேசுவது எல்லாம் இவர்கள் வேலை. இந்தச் சேவைக்கு டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியதில்லை. நோயாளியோ குடும்பமோ நேராகக் கூப்பிடலாம். உங்கள் நண்பரின் குடும்பத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

உங்கள் நண்பருக்கு இனி இது பயன்படாது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இப்போதே தேவைப்படலாம். விக்டோரியாவில் இருக்கும் உங்கள் அம்மாவோ அப்பாவோ தெளிவாக, தானாக இதைப் பற்றிக் கேட்டால், குடும்ப டாக்டரின் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே நேவிகேட்டரைக் கூப்பிட்டு, பெயர், ஊர், நோய் மூன்றையும் சொல்லுங்கள். மருத்துவமனை அறிக்கைகளின் நகல், குடியுரிமை அல்லது விசா ஆவணம், மாநிலத்தில் 12 மாதம் வசித்ததற்கான சான்று இவற்றை ஒரே உறையில் எடுத்துவையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முதல் அழைப்பிலேயே கேளுங்கள். பாலியேட்டிவ் சிகிச்சையை இதற்காக நிறுத்தத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கும், கடைசிவரை நாங்கள் வருவோம். தகுதி கிடைத்தும் மருந்தை எடுக்காமலே இயல்பாக இறந்தவர்களும் உண்டு. விண்ணப்பித்தவர் எந்த நாளிலும் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்குக் காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் அப்பா அம்மா டாக்டரிடம் இதைச் சொல்லும்போது நீங்கள் அறையில் இருந்தால், அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அந்த வாக்கியத்தை அவர்கள் வாயால்தான் சொல்ல வேண்டும்.